ஒரே துணியில் கொட்டிய அரிசி

கஞ்சி ஊற்றி என்னை ஆளாக்கிய என் சவரிமுத்து அண்ணனுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்பில் இப்போதுதான் எழுதப் படித்தேன். கொம்பும் சுழியும் ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், அண்ணே! படிக்க வந்ததும் முதலில் உங்கள் கல்லறைக்குத்தான் ஓடினேன். இத்தனை வருடம் விரலால் தடவிய பெயரை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை படித்தேன்.

பூசையில் சாமியார் உங்களை மறைசாட்சி என்கிறார். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களை அப்படிச் சொல்வார்களாம். நான் உங்கள் வேதத்துக்காரன் இல்லை. வாரமெல்லாம் தேனி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் வீடுவீடாகப் பிடி அரிசி வாங்கிக் கூலிக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சிய அண்ணனைத்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் கஞ்சியைக் குடித்து வளர்ந்த நான், பிறகு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனேன்; அங்கே எங்களை அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். நானும் என் வீட்டுக்காரியும் தப்பி வந்தபோது மாதா கோவில் அடுப்படிக்குள் உட்கார வைத்து, வெளியே தாழ் போட்டு, வாசலை மறித்து நின்றீர்கள். சூளை முதலாளி ஆட்களோடு வந்தார்.

"ஏலே சவரி, ஒன் சிலுவையத் தொட்டு உள்ள ஆள் இல்லைன்னு சொல்லு. போயிர்றோம்."

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். பசின்னு வந்தவுகளக் காட்டிக் குடுக்கவும் மாட்டேன்."

அதற்குப் பிறகு கட்டை விழும் சத்தம்தான். நான் உள்ளிருந்து கதவை முட்டினேன். ஊர் கூடித் தாழைத் திறந்தபோது அவர்கள் ஓடியிருந்தார்கள். தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

லூர்து மதினி இன்னும் கஞ்சியை நிறுத்தவில்லை, அண்ணே. கூடமாட நானும் இருக்கிறேன். போன ஞாயிறு அந்த முதலாளியின் மகன், தூக்குச்சட்டி நிறைய அரிசியோடு வந்து நின்றான். அவன் அப்பா ஜெயிலிலேயே செத்துவிட்டார்.

"அப்பன் அடிச்சே கொன்னான். மகன் அரிசியோட வாரானாக்கும்!" என்று ஒருத்தி முறத்தைத் தட்டினாள்.

மதினி என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு, கருப்பையா. ஒன்னையக் காப்பாத்தப் போயித்தான அவுக செத்தாக."

போடா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. தரையில் துணி விரித்திருந்தது. எல்லா வீட்டு அரிசியையும் நீங்கள் அதே மாதிரி துணியில்தான் கொட்டுவீர்கள். இரண்டு கையாலும் கலந்துவிட்டு, "இப்ப யாரு வீட்டு அரிசின்னு பிரிச்சுச் சொல்லு பாப்போம்" என்று சிரிப்பீர்கள்.

"அங்கன கொட்டுப்பா" என்றேன்.

கொட்டினான். கலக்க வேண்டியவன் நான். கை போகவில்லை, அண்ணே. துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் கலந்தேன். அந்தக் கஞ்சியை நானும் வாங்கிக் குடித்தேன். எதிரே அவன் தலை நிமிராமல் குடித்துக்கொண்டிருந்தான்.

உங்களுக்கு இது சம்மதம்தானா? மதினிக்கு வலித்திருக்குமோ? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வருகிற ஞாயிறும் துணி விரிப்போம். அவன் வந்தால், வாசலுக்கே எழுந்து போய் அந்தத் தூக்குச்சட்டியை என் கையால் வாங்குவேன். வாங்கினேனா என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதிவிடுவேன். எத்தனை டீ ஆறினாலும் சரி.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
இப்போது உங்களைவிட வயதில் மூத்துவிட்ட
கருப்பையா