டத்தோ வரும்வரை

தெப்ராவ், ஜொகூர்.

அன்புள்ள பிரேமளாவுக்கு,

காளியப்பன் எழுதுகிறேன். மெல்பர்னில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சர்க்கரையைத் தவிர வேறு குறையில்லை.

சுற்றி வளைக்க மாட்டேன். உன் அப்பா மேனேஜராக இருந்த உள்ளரங்கத்தை இடிக்கும் வேலை எனக்குத்தான் கிடைத்தது. "நான் வரும்வரை நிறுத்தி வையுங்க அங்கிள்" என்றாய். போன தீபாவளிக்கும் வருகிறேன் என்றுதான் சொன்னாய். வாடகை இயந்திரம் உனக்காக நிற்காது.

சறுக்கு விளையாட்டுக்குக் கட்டிய இடம் அது. பிறகு பூப்பந்து, பிறகு சிங்கப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்த கலைநிகழ்ச்சிகள். வாசலில் கச்சான் கடலை விற்றுத்தான் நான் முதல் லாரி வாங்கினேன். உன் அப்பா சிவகணேசன் ஐயா டை கட்டாமல் ஒருநாளும் கதவைத் திறந்ததில்லை. அப்புறம் வெள்ளம் வந்தபோது சனங்களைத் தங்க வைத்தார்கள், கோவிட்டில் ஊசி போட்டார்கள், கூரை ஒழுகியதும் பூட்டிவிட்டார்கள். புத்தி தடுமாறிய ஐயாவுக்கு அது மட்டும் தெரியவில்லை. வேலியில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து மேடையோரம் உட்கார்ந்துவிடுவார். "டத்தோ வந்திட்டாரோ காளி?" என்பார்.

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் தலைமை தாங்க வராமல் நம்மவர் நிகழ்ச்சி எது தொடங்கியிருக்கிறது? எத்தனை நேரமானாலும் வேர்த்துக்கொண்டு காத்திருப்போம். அதையே பிடித்துக்கொண்டேன். "ஐயா, ஷோவ பெர்மாஸ் ஜெயாவுக்கு மாத்திட்டாங்க. டத்தோ நேரா அங்க வராரு" என்றேன். டையைச் சரிசெய்துகொண்டு அவரே லாரியில் ஏறினார். இறக்கிவிட்ட இடம் முதியோர் இல்லம். மறுநாள் கூரையைப் பிரித்தோம்.

திட்டுவாய், திட்டிக்கொள். அந்தக் கூரை அவர் தலையில் விழுந்திருந்தால் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று யாரைத் திட்டியிருப்பாய்?

நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் உட்கார மறுக்கிறார். டத்தோவை வரவேற்க வாசலிலேயே நின்று நின்று கால் வீங்கிவிட்டது. உன் படத்தைக் காட்டினேன். "இந்தப் பிள்ளை டிக்கெட் வாங்கிட்டுதோ?" என்றார். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

ஓர் உதவி செய். நீ வா என்று கேட்கவில்லை. இல்லத்துக்கு போன் போடு. அப்பா என்று மட்டும் தொடங்காதே. யாரோ நம்பர் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று போனை வைத்துவிடுவார். "டத்தோ ஆபீஸ்லேருந்து பேசறேன், கார் ஜாம்ல மாட்டிக்கிச்சு, நீங்க உக்காந்துக்கங்க" என்று சொல். நான் சொல்வதை இப்போது நம்புவதில்லை. ஆபீஸ் பெண் சொன்னால் உட்காருவார். தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.

வயதான காலத்தில் உன் பிள்ளைகள் உனக்குப் பக்கத்திலேயே இருக்க மாரியம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
காளியப்பன்