ஐஸ் மேல் நிற்கிற மாப்பிள்ளை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
14-2-1974

சௌபாக்கியவதி இந்திராணிக்கு அப்பா கலியாணசுந்தரம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இருவர் சுகம்தான் எனக்குப் புரியாமல் இருக்கிறது.

அம்மா எழுத்து இல்லையே என்று பயந்துவிடாதே. அவள் நன்றாக இருக்கிறாள். நீ கனடாவிலேயே கல்யாணம் செய்துகொண்ட பிறகு இந்த மூன்று வருஷமும் அவள் எழுதுவாள், நான் தபாலில் போடுவேன். இன்று அவளுக்குத் தெரியாமல் பட்டு சொசைட்டியில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன்.

தறியில் அரக்குச் சேலை ஓடுகிறது. உன் சிநேகிதி காந்தாவுக்குப் பெண் குழந்தை. மாசி பிறந்தும் காலையில் பனி விடவில்லை. இந்தப் பனிக்கே எனக்கு விரல் மடங்கவில்லை. மாப்பிள்ளை மாதிரி ஐஸ் மேல் நிற்பது ஒரு உத்தியோகமா என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அவர் வேலை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லையம்மா. ஹாக்கி தெரியும், கோல் கீப்பரும் தெரியும். ஆனால் ஒரு டீம் அவரைக் கொடுத்துவிட்டு வேறு இரண்டு பேரை வாங்கிக்கொண்டது என்று நீ எழுதியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய பட்டுக்குப் பாத்திரம் மாற்றுகிற மாதிரி மனுஷனை மாற்றுவார்களா? அதற்கு நீ சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாய். பெரிய டீமாம். அது சந்தோஷமா வருத்தமா என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியவில்லை.

போன புதன்கிழமை சொசைட்டிக்குச் சேலை கொடுக்கப் போனேன். ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் பாயில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனடாவாம். நம் குமாஸ்தா உமாபதிக்கு வாய் சும்மா இருக்குமா? இவர் மருமகப்பிள்ளையும் உங்கள் ஊரில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார் என்று சொல்லிவிட்டான். அந்த மனுஷர் பெயர் கேட்டார். வால்டர் கிரேன் என்றேன். அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவ்வளவுதான், அவர் துள்ளிக் குதித்தார். மாப்பிள்ளை ஆட்டத்தை நேரில் பார்த்தவராம். பாயில் முழங்காலைப் பரப்பி உட்கார்ந்து, ஒரு திண்டைக் கவசம் மாதிரி முன்னால் நிறுத்தி, எதையாவது எறி என்று உமாபதிக்குக் கை காட்டினார். உமாபதி ஒரு நூல்கண்டை எறிந்தான். அதை அவர் பாய்ந்து இடது கையால் பிடித்துக்கொண்டு புடவைகள் மேலேயே விழுந்தார். இப்படித்தான் வால்டர் கிரேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டினேனா என்று நினைவில்லை.

எழுந்து உட்கார்ந்தவர் முகம் மாறிப்போயிற்று. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் அதட்டிய பிறகுதான் உமாபதி அதைத் தமிழில் சொன்னான். "போன வருசம் இடது கண்ணுல மட்டை பட்டுச்சாம் மாமா. அதுக்கப்புறம் ஆடறதே இல்லையாம். அந்தக் கண்ணுக்குப் பார்வை வராதுன்னு பேப்பர்ல போட்டாங்களாம்."

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்தில், அவர் வெளியூர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். எதை நான் நம்புவது? அந்த மனுஷர் வேறு யாரையோ நினைத்துக்கொண்டாரா? உமாபதிக்கு இங்கிலீஷ் சரியாகப் புரியவில்லையா? வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். முகமூடி போட்டு நிற்கிறார். இத்தனை கெட்டியாக மூடியிருக்கும்போது கண்ணில் எப்படி அடிபடும்? ஆனால் பார்ப்பதற்கு ஓட்டை விட்டுத்தானே ஆகவேண்டும்.

அம்மா என்னைப் பார்த்து, "இன்னா, மூஞ்சி இப்பிடி இருக்குது? தறியில பாவு நூலு அறுந்துபோச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முகம் தெரியாத ஒருவருக்காக ஏன் அந்தப் போட்டோவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன் என்று தெரியவில்லை. நீ ஆஸ்பத்திரியில் ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாயோ, யாரிடம் சொல்லி அழுகிறாயோ, அதுவும் தெரியவில்லை.

எது நிஜம் என்று எனக்குத் தனியாக, சொசைட்டி விலாசத்துக்கு எழுது. எழுத மனம் வராவிட்டால் எழுதவேண்டாம். நீ எழுதியபடி இருந்தாலும் சரி, அந்த மனுஷர் சொன்னபடி இருந்தாலும் சரி, மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வா. பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயிலில் கூட்டம் நெரியும். புது மனுஷர், தடுமாறுவார். அவர் இடது பக்கம் நான் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் ஆசியுடன்,
அப்பா