வன்ஸ்மோருக்கு எழும்பும் அரசன்

மச்சான்,

வறுத்த கச்சான் கடலை மணம் வந்தால் எனக்கு நீ மேடையில் சாகிற காட்சிதான் ஞாபகம் வரும். நேற்றுப் பின்னேரம் தியேட்டர் வாசலில் அந்த மணம் மூக்கில் ஏறியதுமே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் மனைவி சிரிக்கவில்லை.

நம் நாடகத்தைப் படமாக எடுத்திருக்கிறார்கள். கோயில் வீதியில் நாம் வருடா வருடம் ஆடிய அதே கதைதான். தம்பியைச் சந்தேகப்பட்டு நாடு கடத்திவிட்டு, உண்மை தெரிந்ததும் நஞ்சு குடிக்கும் அரசன். படத்தில் அவர் உட்துறைமுக வீதியில் படகுகள் வைத்திருக்கும் முதலாளி. மேடையில் தம்பியாக ஆடிய என்னை நீ பாட்டுப் பாட்டாகப் பாடித் துரத்துவாய்; அவர் தன் தம்பியைப் போனில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பித் துரத்திவிட்டார். நானாக இருந்தால் போயிருக்கவே மாட்டேன்!

உன் மனைவியைக் கூட்டிப் போனது என் பிடிவாதம். நீ உண்மையாகவே செத்துப்போன பிறகு அவள் கடைக்கும் கோயிலுக்கும் தவிர வாசல் படலையைத் தாண்டியதில்லை. "அரசன் சாகிற இடத்தை என்னாலை பாக்க ஏலாது, அண்ணை" என்றாள். "அந்த இடத்திலை எழும்பி வந்திடுவம், தங்கச்சி" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் அந்த இடம் வந்தபோது எனக்கு எழும்ப மனம் வரவில்லை. தம்பியின் மடியில் அரசன் தலை சாய்த்தான். என் மடியில் நீ சாய்வாயே, அதே மாதிரி. கொறிக்கவென்று நீ இடுப்பில் ஒளித்து வைத்த கச்சான் மேடையெங்கும் சிதற, சனம் கண்ணீரும் சிரிப்புமாகக் கிடக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கீச்சுக்குரல், "வன்ஸ்மோர்!" என்று கத்தும். ஆர்மோனியம் திரும்பத் தொடங்கும். செத்த நீ எழும்பி, முழுப்பாட்டையும் பாடி, மறுபடி சாவாய். "ஆரெடா அது? நிம்மதியாச் சாகவும் விடுதில்லை" என்று என் மடியில் கிடந்தபடியே முணுமுணுப்பாய். அது யாரென்று கடைசிவரை உனக்குத் தெரியாது.

படத்தில் அரசன் கண்ணை மூடினான். உன் மனைவியைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"வன்ஸ்மோர்!"

அதே கீச்சுக்குரல், மச்சான். என் பக்கத்துக் கதிரையிலிருந்து! எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு தியேட்டரே சிரித்தது. அவள் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணால் நீர் ஓடியது.

"அப்ப நீங்கள்தானா?" என்றேன்.

"ஓம் அண்ணை. அவர் அப்பிடியே கிடந்தா எனக்குப் பயம். எழும்பினாத்தான் எனக்கு உயிர் வரும்."

படத்து அரசன் எழும்பவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வெளியே வந்து ஆளுக்கொரு கடதாசிச் சரை கச்சான் வாங்கிக் கடற்கரை வழியே தின்றுகொண்டு நடந்தோம். உன் மனைவி உன் சாவுப்பாட்டை மெல்லப் பாடினாள். முடித்ததும் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெருவென்றும் பாராமல் கத்தினேன். அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.