மூட்டைக்குச் செய்த கேரியர்

பாவா,

இன்று காலை எதிர்வீட்டு மாடியிலிருந்து பழைய டிவி ஆன்டெனாவை இறக்கி ரம்பத்தால் அறுத்தார்கள். அலுமினியம் அறுபடும் கீச்சொலி கேட்டதும் தையல் மிஷினில் என் கால் நின்றுவிட்டது.

கேபிள் வந்த புதிதில் திருத்தணியில் வீட்டுக்கு வீடு ஆன்டெனாவைக் கழற்றிப் போட்டார்கள். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த நீங்கள் அந்தக் குழாய்களையெல்லாம் சேர்த்து வைத்தீர்கள். சைக்கிளிலேயே ராமேஸ்வரம் போய்க் கடலைப் பார்க்க வேண்டும் உங்களுக்கு. கடையில் விற்கும் சைக்கிள் கேரியரில் பையைத் தொங்கவிட்டால் சக்கரக் கம்பியில் சிக்கும், மிதிக்கும்போது குதிகால் இடிக்கும் என்று நீங்களே நீளமான கேரியர் செய்ய ஆரம்பித்தீர்கள். குழாய் நுனிகளைச் சுத்தியலால் தட்டையாக்கி, துளை போட்டு, போல்ட் முடுக்கி, இரண்டு பக்கமும் சட்டம் வைத்தீர்கள். லாரித் தார்ப்பாயில் நான் பைகள் தைத்தேன்.

செங்கல் ஏற்றி கே.ஜி.கண்டிகை வரை ஓட்டிப் பார்த்தோம். டீக்கடையில் என்ன வியாபாரம் என்று விசாரித்தார்கள். உங்களைக் கட்டிய என் அக்கா, தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் கறாராக மறுத்தீர்கள். "ஆளு ஒக்காந்தா வளைஞ்சிடும். இது மூட்டைக்குத்தான்."

மார்கழியில் நாம் இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். அரக்கோணம் தாண்டிக் காஞ்சிபுரம் போகும் சாலையில் நீங்கள் திடீரென்று சைக்கிளை நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்தீர்கள். நெஞ்சைப் பிசைகிறது என்றீர்கள். பனி விலகாத காலையில் உங்கள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாற்பதுகூட ஆகாதவர் நீங்கள். நான் சாலை நடுவில் நின்று கைகாட்டினேன். ஒரு பஸ் ஒதுங்கிப் போய்விட்டது. அதற்குப் பின் எதுவும் வரவில்லை.

பைகளைக் கழற்றி என் சைக்கிளோடு மரத்தடியில் போட்டுவிட்டு உங்களை உங்கள் கேரியரிலேயே உட்காரவைத்தேன். கால்களைச் சட்டத்தில் ஊன்றவைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிதித்தேன். கொஞ்ச தூரம் போனதும் முதுகுப் பக்கம் உங்கள் குரல் கேட்டது.

"வளையல, பாத்தியா மச்சான்."

அதில் சந்தோஷம் இருந்தது பாவா. பிழைத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். பிறகு உங்கள் தலை என் தோளில் சாய்ந்தது. அசந்து தூங்குகிறீர்கள் என்று பள்ளங்களை விலக்கி விலக்கி ஓட்டினேன். இதோ ஊர் வந்துவிட்டது, அதோ ஆஸ்பத்திரி என்று பேசிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துண்டை அவிழ்த்தார். டாக்டர் உங்கள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "வழியிலேயே போயிட்டாருப்பா. கொஞ்ச நேரம் ஆவுது" என்றார்.

"இப்பதான் சார் பேசிகினு வந்தாரு" என்றேன்.

அவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார். பேசிக்கொண்டு வந்தது நான் மட்டும்தான் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வேனில் உங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது அக்கா அழவில்லை. கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். ஊரே கூடி நிற்க, அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அப்படியே அலறலாக மாறியதை நான் பார்த்தேன்.

எந்த இடத்தில் போனீர்கள் பாவா? என் பேச்சில் எதுவரை உங்கள் காதில் விழுந்தது? இத்தனை வருடம் கழித்தும் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கி என் தோளில் சாய்ந்தால் இன்றும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். தள்ளிவிட மனம் வருவதில்லை. அவர் மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்று கவனித்துக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன்.