மூன்று திகதிகள்

ஸ்டோவ்னர்,
17.11.2024

அன்பு மகள் நிலூஜாவுக்கு,

லண்டனில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நீ என் ஃபோனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை.

நீ நடித்த தொடரின் மூன்றாம் பகுதியை நேற்றுச் சிறிதேவி அன்ரி வீட்டில் பார்த்தோம். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஆங்கில நாவலில், அந்தப் பெரிய வீட்டு மகளாக நீ. "தாய் வெள்ளை, மகள் எங்கட நிறம். ஆர் நம்புறது?" என்று அன்ரி சிரித்தார். இணையத்திலும் அதையேதான் எழுதுகிறார்கள், மோசமான சொற்களில். அவற்றை வாசிக்காதே. சாகக்கிடக்கும் அந்தத் தாயின் தலையை நீ வாரிவிட்டபோது அன்ரி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப்போட்டார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து பல்கனிக்குப் போய்விட்டேன்.

அந்தக் காட்சியை எடுத்தது மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலையில் ஃபோனில் நீயே சொன்னாய். அம்மா எங்கே என்று கேட்டாய். தடிமனும் இருமலும், நித்திரை என்றேன். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில்.

செத்தவீட்டன்று, "அம்மா என்னைத் தேடவே இல்லையா அப்பா?" என்று கேட்டாய். படப்பிடிப்பைக் குழப்பக் கூடாதென்று அம்மாதான் மறித்தார் என்றேன். அது பொய். அம்மா மூன்று முறை உன்னைக் கேட்டார். ஒன்பதாம் திகதி, பன்னிரண்டாம் திகதி, பதினைந்தாம் திகதி. "பிள்ளையைக் கூப்பிடுங்கோப்பா, அவளோடை கொஞ்சம் கதைக்கவேணும்" என்றார். படப்பிடிப்பு முடியட்டும் என்றது நான். கடைசி முறை, என்னிடம் சொல்லு, நான் சொல்லிவிடுகிறேன் என்றும் கேட்டேன். "உங்களுக்கில்லை" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் பேச்சு நின்றுவிட்டது. பத்தொன்பதாம் திகதி போய்விட்டார்.

தபால் பிரிக்கும் வேலையில் முதல் பதினொரு வருடம் நான் ஒருநாள்கூடச் சுகவீன லீவு எடுக்கவில்லை. ஒருவன் எடுத்தால் தமிழர் எல்லாரும் இப்படித்தான் என்பார்களே என்ற பயம். காய்ச்சலோடும் போனேன். என்னோடு இந்த நாட்டுக்கு வந்தவர்களும் அப்படித்தான். உனக்கும் அதே கணக்கைப் போட்டேன். நீ நடுவில் கிளம்பினால், இந்த நிறத்தவர்களுக்கு வேடம் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று சொல்லி, அடுத்த பிள்ளைக்கும் இடம் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தாய்க்கு நோய் கடுமை என்றால் வெள்ளைக்காரப் பிள்ளை தயங்காமல் போய்வருவாள். உன்னையும் விட்டிருப்பார்கள்தான். நான் உன்னைக் கேட்கவே இல்லை.

மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அம்மா உன்னைத் தேடினார் என்பதை மட்டும் நம்பு.

அம்மாவின் அலுமாரியை இன்னும் ஒருவரும் திறக்கவில்லை. நீ வந்து திற. வீட்டுத் திறப்பு ஒன்று உன் சாவிக்கொத்தில் இருக்கிறது. என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லையென்றால் எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் சொல்லு. அன்றைக்கு நான் நகரின் மறுகோடியில், ஹவுகெட்டோவில் சித்தப்பா வீட்டில் நிற்கிறேன்.

என்றும் நீ நன்றாயிருக்க வேண்டும், பிள்ளை.

அப்பா