திரும்பி வரும் ஓட்டம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறவள் உன் அம்மா. "நீங்க சொல்றதை எழுதுறேன் மாமா, நான் அவளோட பேசுறதா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தாள்.

இங்கே எல்லோரும் நலம். என் காது முன்னைவிட மந்தம். போனில் நீ கத்தினாலும் கேட்பதில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

வெள்ளிக்கிழமை உப்புப் படுகையில் வேகச் சாதனைக்காக வண்டி ஓட்டப் போகிறாயாம். அப்பா பாதியில் விட்டதை நான் முடிக்கிறேன் என்றாயாம். அதைக் கேட்டு அன்றைக்குப் போனை வைத்த உன் அம்மா, உன்னோடு இன்னும் பேசவில்லை.

உன் அப்பாவுக்கு, என் தம்பிக்கு, சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். தரையில் முதன்முதலாக வேகத்தை அளந்து எழுதிவைத்தது மின்சார வண்டிக்காம். அந்த வேகத்தை இன்றைக்குப் பால்காரர் ஸ்கூட்டரிலேயே தாண்டுவார். அப்புறம் நீராவி, பெட்ரோல், கடைசியில் விமான இயந்திரத்தையே சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பான். உன் அம்மா, "தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்க, அதுவும் பறந்துடப் போகுது" என்பாள்.

அவன் வண்டி ஓட்டிய உப்புத் தரையைச் சமன் செய்தவன் நான். லாரிக்குப் பின்னால் தண்டவாளத் துண்டைக் கட்டி இழுப்பேன். அன்றைக்கு அவன் போனது அதுவரை யாரும் போகாத வேகம். நேரம் குறிக்கிற கடிகாரக்காரர் தொப்பியைத் தூக்கி வீசினார். ஆனால் ஒருவழி ஓட்டம் கணக்கில் சேராது. ஒரு மணி நேரத்துக்குள் அதே பாதையில் திரும்பி ஓடி வந்தால்தான் சராசரி போட்டு எழுதுவார்கள். முதல் ஓட்டத்திலேயே சக்கரம் உப்பைக் கிழித்துப் போட்டிருந்தது. நேரமாகிறதே என்று திரும்பினான். அவன் தடமே அவனைக் கவிழ்த்துவிட்டது. சாதனைப் பட்டியலில் அவன் பெயர்கூட இல்லை.

இந்த மந்தக் காதில் அந்த வண்டி மட்டும் இன்னும் ஓடுகிறது மகளே. எட்டிப் பார்த்தால் தெருவில் ஒன்றும் இருக்காது. சத்தம் மட்டும் வீட்டைத் தாண்டிப் போகும். திரும்பி வரும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். வராது. அந்த நேரம் உன் அம்மாவும் கழுவுகிற பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் கேட்கிறதா என்று நான் அவளிடம் கேட்டதில்லை. இதைச் சொன்னதும் அவள் கை நின்றது. பிறகு எழுதிவிட்டாள்.

போகாதே என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கிற ரத்தமா உங்களுடையது! முதல் ஓட்டம் முடிந்து அந்த முனையில் நின்றதும் கீழே இறங்கு. உன் தடத்தைக் காலால் மிதித்துப் பார். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் தலைக்கவசத்தைக் கழற்றிவிடு. சாதனை பாதியிலேயே கிடக்கட்டும். ஏதாவது லாரியில் ஏறி உட்கார்ந்து திரும்பி வா. சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் சொல்லி முடித்துவிட்டேன். உன் அம்மா காகிதத்தை இன்னும் மடிக்கவில்லை.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும்.

உன் பெரியப்பா

உன் அறைக் கதவு இறுகிக் கிடந்தது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.
அம்மா