எனக்குத் தெரியாத நேரம்

ஜூலை 8, செவ்வாய்

லேப்பில் இன்றும் மேரி என் பர்னரைத் தானே பற்றவைத்தாள். "எனக்குக் கை இல்லையா?" என்று கேட்டேன். "இருக்குது. அதுல பியூரெட்டைப் புடி" என்றாள். வாலாஜாபாத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வருகிறவளுக்குக் காலையிலேயே இவ்வளவு வாய்.

வலிப்பு வந்து பல மாதம் ஆகிறது. மாத்திரை கேட்கிறது என்று டாக்டர் சொன்னார். வகுப்பில் மேரிக்கும் தீபிகாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டது. லேப்பிலேயே.

ஜூலை 11, வெள்ளி

நாக்கைக் கடித்திருக்கிறேன். ரசம் சாதம்கூட எரிகிறது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி.

நேற்று அப்பா பட்டுக்கடையில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கெமிஸ்ட்ரி லேப், நெருப்பும் ஆசிடும் இருக்கிற இடம், யோசித்து முடிவு பண்ணுங்கள் என்று எச்.ஓ.டி. மேடம் அவரிடம் சொன்னாராம். அம்மா யோசிக்கவே இல்லை. "போதும்டி காலேஜு. ஆடி போவட்டும், ஆவணியில பொண்ணு பாக்க வராங்க. இது நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் வருவான்?"

இன்னும் ஒரே வருஷம். இப்போது நின்றுவிட்டால் நான் என்ன ஆவேன்? இந்த ரூமில் உட்கார்ந்து வலிப்புக்கும் மாப்பிள்ளைக்கும் காத்துக்கினு இருக்கணுமா?

ஜூலை 13, ஞாயிறு

மேரிக்கு போன் செய்தேன். அன்றைக்கு என்ன ஆச்சு, மறைக்காமல் சொல் என்றேன். எனக்கு வலிப்பு எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், நான் மட்டும் பார்த்ததில்லை. வீட்டில் கேட்டால் "ஒண்ணுமில்ல, மயக்கம்" என்பார்கள்.

மேரி சொன்னாள். முதலில் என் பார்வை நின்றுவிட்டதாம். அவள் கேஸை மூடிவிட்டு, நான் சாய்வதற்குள் தோளைப் பிடித்துக் கீழே படுக்கவைத்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். லேப் அசிஸ்டென்ட் கைலாசம் அண்ணன் ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தோடு ஓடிவந்து என் கையில் திணிக்கப் பார்த்தாராம். செமினார் எடுக்கச் சொன்னாலே குரல் நடுங்குகிற தீபிகா குறுக்கே நின்று, "சாவி வேணாம்ணா. எல்லாரையும் வெளிய அனுப்புங்க" என்று கத்தினாளாம். தீபிகாவா?

மேரி கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லு" என்றேன்.

"உன் டிரெஸ் நனைஞ்சிடுச்சு சத்யா. தீபி அவ லேப் கோட்டைக் கழட்டி உன் மேல போட்டா. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்துத் தரையில ஊத்திட்டா. எல்லாரும் தண்ணி கொட்டிச்சுன்னு நினைச்சிக்கட்டும்னு."

நான் போனை வைத்துவிட்டேன். அசிங்கத்தால் அழவில்லை என்று எழுத வந்தேன். பொய். அசிங்கமாகவும்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேனை நினைத்துத்தான் ரொம்ப நேரம் அழுதேன். தீபிகா இதை என்னிடம் சாகிறவரை சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு இப்படி இரண்டு பேர் கிடைக்க நான் என்ன செய்தேன்?

ஜூலை 16, புதன்

அம்மா என் காலேஜ் பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நானும் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். எச்.ஓ.டி. மேடத்தைப் பார்த்துப் பேசிவிட்டே வந்திருக்கிறார்கள். டாக்டர் லெட்டர் கொடுத்தால் போதும், சூடுபடுத்துகிற வேலையெல்லாம் மேரி செய்யலாம், நான் பக்கத்தில் இருந்து ரீடிங் எடுக்கலாம்.

அம்மா காபியை வைத்துவிட்டு, "நீங்க எத்தினி நாளைக்குமா பாத்துப்பீங்க? உங்களுக்கு என்னா தலையெழுத்தா?" என்றாள்.

"பாத்துக்கினுதான ஆன்ட்டி இருக்கோம்" என்றாள் தீபிகா, டம்ளரைப் பார்த்தபடி.

மேரி சும்மா இருக்கவில்லை. "காலேஜ்ல நாங்க இருக்கோம். செவிலிமேட்டுல இருந்து பஸ்ல தனியா வர்றாளே, அங்க யாருக்குத் தெரியும்? நீங்க மறைக்கிறதாலதான் ஆன்ட்டி அவளுக்கு ஆபத்து."

"பெரியவங்ககிட்ட இப்பிடித்தான் பேசுவியா?"

மேரி எழுந்துவிட்டாள். "தப்புன்னா மன்னிச்சிக்கோங்க. ஆனா அவ வுழுந்தா தலையப் புடிக்க ஒருத்தராவது வேணும் இல்ல?"

அவர்கள் போன பிறகு அம்மா, "நல்ல சிநேகிதம் புடிச்சிருக்க" என்றாள். எனக்கு வலிப்பு வந்தால் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வாளாம். அப்பாதான் பார்ப்பார். இன்று விளக்கேற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தலைய எப்பிடிப் புடிக்கணுமாம்?"

மேரிக்கு போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் லெட்டர் வாங்கியாச்சு, இன்று மறுபடியும் காலேஜ். காலையில் அம்மாவும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். வழியனுப்ப என்று நினைத்தேன். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் அவளே ஏறினாள். லேடீஸ் பக்கம் வழக்கமாக வருகிறவர்கள்தான், எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் உட்பட. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இது எம் பொண்ணு, சத்யப்ரியா. இவளுக்கு வலிப்பு வரும். வந்தா பயப்படாதீங்கமா. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, தலைய மட்டும் புடிச்சிக்கோங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், ஆவணியில் வருகிறவர்களுக்கும் போய்ச் சேரும். அது அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அவள் இறங்குகிறவரை ஊதாமல் நின்றார். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கூடையை மடிக்கு ஏற்றிக்கொண்டு, "இப்பிடி உக்காருமா" என்றார்.

காலேஜில் இதைச் சொன்னதும் தீபிகா அழுதுவிட்டாள். மேரி, "அந்தப் பூக்கார அக்கா பேரு கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும்.